உஷார்! வலென்சியாவில் ரூம் பார்க்கிறீர்களா? "எந்த மாடி?" என்று முதலில் கேளுங்கள்

பைபோர்த்தா. இந்தப் பெயரை 2024 ஆகஸ்டில்தான் முதன்முதலாகக் கேட்டேன். என் தங்கை மகளுக்கு ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் கிடைத்திருந்தது. செப்டம்பரில் வகுப்பு தொடக்கம், ஜனவரியில் பரீட்சை எழுதிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, தங்க ரூம்தான் கிடைக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க பெரியம்மா, பைபோர்த்தாங்கற ஊர்ல தனி ரூம். 270 யூரோதான். சிட்டிக்குள்ள இதே ரூமுக்கு 400க்கு மேல கேக்கறாங்க."

வெள்ளைச் சுவர், மரக்கட்டில், தெருவைப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. அதன் ஹேண்டில்பார் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எந்த மாடிடீ இது?"

"கிரவுண்ட் ஃப்ளோர். நல்லதுதானே, பெட்டியைத் தூக்கிட்டு ஏற வேணாம்."

"வேண்டாம்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு ஸ்பெயினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தவள் நான். பீரோவின் மூன்றாவது தட்டில் இருந்த பட்டுப்புடவைகள் வரைக்கும் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவளுக்கு எந்த ஊர் வீட்டைக் காட்டினாலும் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதான். "அது ஐரோப்பா பெரியம்மா, முடிச்சூர் இல்ல" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் பெனிமக்லெத் என்ற மாணவர் பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில் 410 யூரோவுக்கு ரூம் எடுத்தாள். மாசம் 140 யூரோ கூடுதல். தங்கை புருஷன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லியது.

2024 அக்டோபர் 29. செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். முறுக்கு சுட்டு முடித்துவிட்டு நாங்கள் தூங்கப் போன நேரத்துக்குத்தான் பைபோர்த்தாவின் தெருக்களில் கார்கள் மிதக்க ஆரம்பித்தன. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு சின்ன ஊரில்.

என் மூக்கு சரியாக மோப்பம் பிடித்தது என்று பெருமை அடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. ஒவ்வொரு வருஷமும் நம் கல்லூரிகளில் இருந்து பிள்ளைகள் இப்படி ஒரு செமஸ்டருக்குக் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் அவர்கள் பார்க்கிற வீடியோக்களில் எல்லாம் கடற்கரை, ஆரஞ்சுத் தோப்பு, பாயேயா, சாயங்கால வெயில். வலென்சியாவுக்கு முதல் செமஸ்டர் போகிற பிள்ளை இறங்குகிற செப்டம்பரும், படிக்கிற அக்டோபர், நவம்பரும் அந்த ஊரின் வெள்ளக் காலம் என்று யாராவது சொல்கிறார்களா? எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பேய்மழையைத் தலைமுறை தலைமுறையாக 'கோத்தா ஃப்ரியா' என்பார்கள். குளிர்ந்த துளி என்று அர்த்தம். வானிலைக்காரர்கள் இப்போது 'டானா' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நடப்பது இதுதான்: கோடை முழுக்க வெயில் குடித்த மத்தியதரைக் கடல் செப்டம்பரில் வெந்நீர்ப் பானை மாதிரி இருக்கும். அப்போது வடக்கிலிருந்து ஒரு குளிர்க்காற்றுப் பொதி பிய்ந்து வந்து வானத்தின் மேலடுக்கில் தங்கிவிடும். கீழே கடலிலிருந்து ஈரக்காற்று கரைக்கு ஓடிவரும். கரையை ஒட்டியே மலை, அதில் மோதி மேலே ஏறும். மேலே குளிர், கீழே சூடான ஈரம். கொட்டித் தீர்த்துவிடும்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ அப்படி அவர்களுக்கு இது என்று நினைத்தால் கொஞ்சம் ஏமாந்துபோவோம். நம் மழை மூன்று மாசம் பெய்கிறது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியது சில சமயம் ஒரே நாளில் இறங்குகிறது. 2015-இல் தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்று நாமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவுக்கு மேற்கே தூரிஸ் என்ற ஊரில் ஒரு நாளில் பெய்தது 77 சென்டிமீட்டர். அதில் 18 சென்டிமீட்டருக்கு மேல் ஒரே ஒரு மணி நேரத்தில். ஸ்பெயினில் அதுவரை அளந்த எந்த ஒரு மணி நேர மழையும் அந்த அளவைத் தொட்டதில்லை.

தூரிஸ் மலைப்பக்கம். பைபோர்த்தாவில் அன்று சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. இதைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டும். மழை பெய்யாத ஊரில் ஜனங்கள் மூழ்கினார்கள். மலையில் பெய்த தண்ணீர் 'பார்ராங்கோ' என்று அவர்கள் சொல்லும் வறண்ட ஓடைகள் வழியாகக் கடலை நோக்கி இறங்கியது. பைபோர்த்தாவின் நடுவே போகிற ஓடைக்குப் பெயர் போயோ. வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் அதில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. நம் கூவத்தில்கூட ஏதோ ஒன்று ஓடும், அதில் அதுவும் ஓடாது. நாணலும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் அந்தப் பள்ளத்தைப் பார்த்து, ஆகஸ்டில் ரூம் பார்க்கப் போகிற எந்தப் பிள்ளைக்கு இது ஆறு என்று தோன்றும்?

நகரத்துக்குள்ளேயும் ஒரு வறண்ட ஆறு உண்டு. அது தனிக் கதை. துரியா ஆறு ஒருகாலத்தில் வலென்சியாவின் நடுவே ஓடியது. 1957 அக்டோபர் 14-ஆம் தேதி அது பொங்கி நகரத்துக்குள் புகுந்ததில் 81 பேர் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. மாசத்தைக் கவனித்தீர்களா? அதற்குப் பிறகு ஆற்றையே தூக்கி நகரத்துக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டிப் போட்டார்கள். பழைய ஆற்றுப் படுகை இப்போது நீளமான பூங்கா. எக்ஸ்சேஞ்சுக்குப் போன பிள்ளைகள் அனுப்புகிற போட்டோக்களில் பாதி அங்கே ஓடும்போதும் சைக்கிள் விடும்போதும் எடுத்ததாகத்தான் இருக்கும். அந்தப் புதுக் கால்வாய்தான் 2024-இல் நகரத்தைக் காப்பாற்றியது. கால்வாய்க்கு வடக்கே இருந்தவர்கள் தப்பினார்கள். தெற்கே இருந்த பைபோர்த்தா, பெனெதூசெர், செடாவி, அல்ஃபாஃபார், மஸ்ஸனாஸ்ஸா, கத்தர்ரோஹா எல்லாம் சேற்றில் போயின. நகராட்சி எல்லைக்குள்ளேயே இருந்தும் கால்வாய்க்குத் தெற்கே மாட்டிக்கொண்ட லா தோர்ரே பகுதியும் தப்பவில்லை.

வாடகை எங்கே குறைவு தெரியுமா? கால்வாய்க்குத் தெற்கே.

அன்றைய நாளை மணி வாரியாகப் பார்த்தால் இன்னும் வயிறு கலங்கும். ஸ்பெயினின் வானிலை மையமான ஆயிமெத் காலை 7.36-க்கே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. வலென்சியா பல்கலைக்கழகம் அன்று வகுப்புகளை ரத்து செய்தது. ஆனால் ஆபீஸ், கடை, தொழிற்பேட்டை எல்லாம் வழக்கம்போல் இயங்கின. எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் அலறுகிற அரசு எச்சரிக்கை வந்தது ராத்திரி 8.11-க்கு. அதற்குள் பைபோர்த்தா தெருக்களில் தண்ணீர் ஓட ஆரம்பித்து நேரமாகியிருந்தது. அந்தத் தாமதத்தை ஜனங்கள் மன்னிக்கவில்லை. மாசாமாசம் தெருவில் இறங்கினார்கள். மாநில அரசின் தலைவர் கார்லோஸ் மசோன் பதவி விலகுவதாக அறிவிக்க ஒரு வருஷம் ஆனது, 2025 நவம்பர். நமக்கு இதில் உள்ள பாடம் அரசியல் இல்லை. போன் அலறும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான். காலையில் சிவப்பு என்று வந்தால், வெளியே வெயில் அடித்தாலும், அன்று நீங்கள் மாடியில்தான் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்தபோது நம் ஊரில் நள்ளிரவு 12.41. தங்கை எழுந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாளாம். "இங்க மழையே பெரிசா இல்லம்மா, காத்துதான். எதுக்கு இப்படி அலர்ட் அடிக்குதுன்னு தெரியல" என்றாளாம் பிள்ளை. அவள் இருந்த இடத்திலிருந்து பைபோர்த்தா ஏழெட்டு கிலோமீட்டர்தான். மறுநாள் காலையில்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. தீபாவளி அன்று போன் பேசும்போது எனக்கு மட்டும் ஒரு வரி சொன்னாள்: "பெரியம்மா, அந்த ஊரு."

இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பேர் 70 வயது தாண்டிய முதியவர்கள். தரைத்தள வீட்டில் இருந்து மேலே ஏற முடியாதவர்கள் நிறைய. இன்னொரு கூட்டம் உண்டு, அவர்கள் இளைஞர்கள், நடுவயதுக்காரர்கள்: கட்டடத்துக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்கிலிருந்து காரை மேலே எடுக்க ஓடியவர்கள். தண்ணீர் சரிவுப்பாதை வழியாக உள்ளே பாயும்போது கதவு திறக்காது. காருக்குள் இருந்தாலும் திறக்காது, பேஸ்மென்ட் கதவும் திறக்காது. எக்ஸ்சேஞ்ச் மாணவனிடம் கார் ஏது என்பீர்கள். சைக்கிள் இருக்கும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கும். அதை வைக்கிற இடம் அந்த பேஸ்மென்ட்தான். ரூம்மேட் "ஒரு கை பிடி, கீழே போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று கூப்பிடுவான். போகாதீர்கள். 300 யூரோ ஸ்கூட்டர், போனால் போகட்டும். லிஃப்டிலும் ஏறாதீர்கள்.

ஆகவே பிள்ளைகளே, பெற்றோர்களே, ரூம் பார்க்கும்போதே இதைச் செய்யுங்கள். விளம்பரத்தில் 'பாஹோ' என்று இருந்தால் தரைத்தளம். 'செமிசோத்தானோ' என்றால் பாதி தரைக்குக் கீழே. இரண்டையும் தள்ளுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். 'பிரிமேரோ', 'செகுந்தோ' என்று இருந்தால் முதல் மாடி, இரண்டாம் மாடி. ஒரு சந்தேகமும் வேண்டாம், நேராகக் கேளுங்கள். அடுத்து, வலென்சியா மாநில அரசே வெள்ள அபாய வரைபடம் வைத்திருக்கிறது. பத்ரிகோவா என்று பெயர். இணையத்தில் யாரும் பார்க்கலாம். விலாசத்தைப் போட்டால் அந்தத் தெரு எந்த நிறத்தில் வருகிறது என்று தெரியும். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். 2024-இல் மூழ்கிய இடங்களில் பல அதில் முன்பே நிறம் அடித்திருந்தவைதான். வரைபடம் இருந்தது, பார்த்தவர்கள் குறைவு.

போன் விஷயம். ஸ்பெயினின் இந்த எச்சரிக்கை எந்த ஆப்பும் இல்லாமல், உள்ளூர் நம்பர் இல்லாமல், அந்த வட்டாரத்து டவரில் இருக்கிற எல்லா போனுக்கும் போகும். 2023-இல் இந்தியாவிலும் இதே மாதிரி சோதனைச் செய்தி வந்து, பஸ்ஸில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தம் பிடிக்காமல் அப்போதே செட்டிங்கில் போய் அணைத்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் பிள்ளையின் போனில் அவசர எச்சரிக்கை செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று விமானம் ஏறும் முன் பாருங்கள். ரொம்பப் பழைய போனில் இந்த வசதியே இருக்காது. அவசர எண் 112. ஆங்கிலத்திலும் பேசலாம்.

சாமான் நனைந்தால் வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் தரும் என்று இருந்துவிடாதீர்கள். அது கட்டடத்துக்கு. ஸ்பெயினில் வெள்ளச் சேதத்துக்கு ஓர் அரசு நிதியம் இழப்பீடு தருகிறது, ஆனால் பாலிசி எடுத்தவர்களுக்குத்தான். லேப்டாப்பும் துணிமணியும் உங்களுடையது, பாலிசி உங்கள் பெயரில் இருந்தால்தான் கேட்கவே முடியும்.

வெள்ளத்துக்கு வெளியேயும் இந்த ரூம் தேடலில் குழி இருக்கிறது. நான் விசாரித்த நான்கு குடும்பங்களில் இரண்டு அதில் விழுந்தவை, எங்கள் வீடு உட்பட. பெனிமக்லெத் ரூம் கிடைப்பதற்கு முன்னால் எங்கள் பிள்ளை 350 யூரோவை இழந்திருந்தாள் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியும். விளம்பரத்தில் படம் பளிச்சென்று இருந்தது. 'வீட்டுக்காரி' இங்கிலீஷில் அழகாக எழுதினாள். வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறேன், நேரில் காட்ட முடியாது, நிறைய பேர் கேட்கிறார்கள், ஒரு மாச அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பினாள்! அந்த நகல் இன்னொரு அப்பாவிப் பிள்ளை இதேபோல் ஏமாந்து அனுப்பியதாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றாது. பணம் போன மறுநிமிஷம் விளம்பரமும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. நம் பிள்ளை அனுப்பிய பாஸ்போர்ட் நகல் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

இதற்கு ஒரே மருந்து: நேரில் பார்க்காத ரூமுக்கு ஒரு பைசா அனுப்பக் கூடாது. ஸ்பெயினில் ரூம் தேடுகிறவர்கள் பார்க்கிற பெரிய தளம் ஐடியலிஸ்டா. அதில் விளம்பரம் வந்துவிட்டது என்பதற்காக வீடு நிஜம் என்று ஆகிவிடாது. முதல் பத்து நாள் ஹாஸ்டலிலோ பல்கலைக்கழக விடுதியிலோ தங்கி, நடந்து போய்ப் பார்த்து, சாவி போட்டுத் திறந்து காட்டச் சொல்லி, அப்புறம் பணம் கொடுங்கள். முன்கூட்டியே வேண்டும் என்றால், போகும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எந்த விடுதிகளை நம்பலாம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் மாணவனுக்குப் போடுவது பெரும்பாலும் 'தெம்பொராதா' ஒப்பந்தம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். இதில் சட்டப்படி இரண்டு மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்கலாம். நிரந்தரக் குடியிருப்புக்கு ஒரு மாசம்தான். அட்வான்ஸுக்கு அவர்கள் சொல்வது 'ஃபியான்ஸா'. அதைக் கையில் ரொக்கமாகக் கேட்டால் உஷார். வங்கியில் போடுங்கள், ரசீது வாங்குங்கள். குடிபோன அன்றே சுவர், மெத்தை, குழாய், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். ஜனவரியில் நீங்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஃபியான்ஸாவைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவர்கள் அதை நம்பித்தான் இழுத்தடிக்கிறார்கள். ஒரு விமான டிக்கெட் போட்டு 800 யூரோவுக்காக வழக்குப் போட யார் திரும்பி வருவார்?

இன்னொன்று 'பத்ரோன்' பதிவு. எந்த விலாசத்தில் குடியிருக்கிறீர்கள் என்று நகராட்சியில் பதிந்துகொள்வது. சில வீட்டுக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் வரி, லைசென்ஸ் என்று சுற்றி வளைப்பார்கள். பதியவிடாத வீடு என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. தங்குவது 180 நாளுக்குள் என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவே போதும். அதற்கு மேல் என்றால் இறங்கிய ஒரு மாசத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆன்லைனில் முன்பதிவு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்த முன்பதிவுகளைக் காசுக்கு விற்கிற கும்பலும் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு செமஸ்டர் என்று போய், "நல்லா இருக்கே, இன்னொரு செமஸ்டர் படிக்கலாமே" என்று நீட்ட நினைக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். நீட்டப் போவதாக லேசாக எண்ணம் இருந்தாலும் விசா எடுக்கும்போதே முழு வருஷத்துக்கு எடுங்கள். அதற்குப் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், அப்போஸ்தில் முத்திரை எல்லாம் வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். மாசத்துக்கு 600 யூரோ செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் ஸ்பெயினில் செயல்பட அனுமதி பெற்ற நிறுவனத்துடையதாக, ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் பங்கு என்று ஒன்றும் கேட்காததாக இருக்க வேண்டும். டிராவல் ஏஜென்ட் விற்கிற சுற்றுலாப் பாலிசியைக் கொடுத்துவிட்டு விண்ணப்பம் திரும்பி வந்ததே என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பாட மொழி பற்றி யாரும் பேசுவதே இல்லை, அதனால் நான் பேசுகிறேன். வலென்சியாவில் ஸ்பானிஷ் மட்டும் ஆட்சிமொழி இல்லை. வலென்சியன் என்று கட்டலான் குடும்பத்து மொழியும் உண்டு. பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்துக்கு ஒரு பிரிவு ஸ்பானிஷில், இன்னொரு பிரிவு வலென்சியனில், கொஞ்சம் பாடங்கள் ஆங்கிலத்தில். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, முதல் வகுப்பில் ஆசிரியர் வாய் திறந்ததும் ஒரு சொல்கூடப் புரியாமல் உட்கார்ந்திருப்பது நடக்கிறது. பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் இங்கே உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாத பாடமாகிவிடும். அங்கே பாஸ், இங்கே அரியர்! பாடத்தை மாற்றும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கையெழுத்தோடு புதுப் பட்டியல் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே பா" என்று துறைத்தலைவர் சொன்னது மதிப்பெண் பட்டியலில் ஏறாது.

கடலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலென்சியாவின் மல்வர்ரோசா கடற்கரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். சிவப்பு என்றால் காலைக்கூட நனைக்காதீர்கள். சீசன் முடிந்ததும் உயிர்காப்பாளர்கள் போய்விடுவார்கள், கொடியும் இருக்காது. கொடி இல்லை என்பதைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெரினாவுக்குப் போகிற நாமெல்லாம் ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் படிக்கிற செய்திதானே.

இரண்டாவது செமஸ்டர் போகிறவர்களுக்கு வெள்ளத்தின் பயம் குறைவு, மார்ச்சின் சத்தம் அதிகம். ஃபாயாஸ் திருவிழா. மார்ச் 1-லிருந்து 19 வரை தினமும் மத்தியானம் 2 மணிக்கு நகராட்சி சதுக்கத்தில் வேட்டு வெடிப்பார்கள். நமக்கு சிவகாசி பழக்கம் என்று முன்வரிசையில் நின்றுவிடாதீர்கள். பத்தாயிரம் வாலாவைக் காதோரம் வைத்த மாதிரி இருக்கும். அந்த நாட்களில் நகரத்தில் ரூம் வாடகை எகிறுவதால் சில வீட்டுக்காரர்கள் அந்த மாசத்தை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து உருவப் பார்ப்பார்கள். தேதியைக் கூர்ந்து படியுங்கள்.

அக்டோபர் 29-க்குப் பிறகு அந்த வார இறுதியில் வலென்சியா மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தோளில் துடைப்பமும் மண்வெட்டியுமாகப் புதுக் கால்வாயின் நடைபாலத்தைக் கடந்து தெற்கே போனார்கள், சேற்றை அள்ள. அந்தப் பாலத்துக்கு இப்போது ஒற்றுமைப் பாலம் என்று பெயர். எங்கள் பிள்ளையும் போனாள். மூன்று நாள். முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு. யாரோ ஒரு பாட்டியின் தரைத்தள வீட்டிலிருந்து சேற்றோடு சேறாக ஆல்பங்களை எடுத்து வெயிலில் பரப்பினார்களாம். அந்த 270 யூரோ ரூம் இருந்த தெருவைத் தேடிப் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டாள். தேட வேண்டாம் என்று சொன்னேன்.

2025 செப்டம்பர் கடைசியில் மறுபடியும் வலென்சியாவில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. இந்த முறை போன்கள் நேரத்தோடு அலறின, பள்ளிகளை மூடினார்கள். ஊர் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் வந்து இறங்குகிற எக்ஸ்சேஞ்ச் மாணவன் புதியவன். அவனுக்கு 1957-உம் தெரியாது, 2024-உம் தெரியாது, போயோ ஓடையும் தெரியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது அங்கே இருந்தால், இதைப் படித்ததும் ஒரு போன் போடுங்கள். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி நேரம். சாப்பிட்டாயா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். எந்த மாடி என்று முதலில் கேளுங்கள்.